மஞ்சளில் இருப்பது வேறு, இரத்தத்தில் சேர்வது வேறு

பெங்களூருவில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் வாரத்துக்கு ஒரு மூலிகை வந்து இறங்கியிருக்கும். முருங்கைப் பொடியில் பாலைவிடப் பல மடங்கு கால்சியம், மஞ்சளில் குர்குமின் என்ற நிறப்பொருள், ராகியில் இரும்பு, கறிவேப்பிலையில் இன்னொன்று. உடனே கைகூப்பும் படங்கள் வரிசையாக விழும். குழுவில் இருக்கும் டாக்டர் ஒருவர், "இதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது" என்பார். "அப்படியானால் நம் முன்னோர் முட்டாள்களா?" என்று இன்னொருவர் பொங்குவார். தண்ணீர் டேங்கர் வரவில்லை என்ற செய்தி வரும்வரை சண்டை நீளும்.

இந்தச் சண்டையில் இரு தரப்புமே கேட்காமல் விடுகிற ஒரு கேள்வி உண்டு. ஒரு பொருளில் சத்து இருக்கிறது, சரி. சாப்பிட்டவர் உடம்பில் அதில் எவ்வளவு சேர்ந்தது? வாய்க்கும் இரத்தத்துக்கும் இடையில் நீண்ட பாதை ஒன்று இருக்கிறது. மஞ்சளோடு மிளகு, கீரையோடு எலுமிச்சை, சூரணத்தோடு தேன் என்று நம் வீடுகளில் புழங்கும் சேர்க்கைகளில் பலவும் அந்தப் பாதையில்தான் வேலை செய்கின்றன. தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கஷாயம் குடிக்குமுன் யோசிக்க வேண்டியதும் அதே பாதையால்தான்.

## காவிரித் தண்ணீர்க் கணக்கு

பெங்களூருவில் இருப்பவர்களுக்கு இதை விளக்க உவமை தேடி அலைய வேண்டாம். காவிரித் தண்ணீர் தொரெகாடனஹள்ளியில் சுத்திகரிக்கப்பட்டு, ஹாரோஹள்ளி, தாதகுணி என்று படிப்படியாக மேலேற்றப்பட்டு, சுமார் 100 கிலோமீட்டர் கடந்து நகருக்குள் வருகிறது. வழியில் குழாய் கசிகிறது. நகருக்குள் நுழைந்த பிறகு வால்வு திறப்பவர் எந்தத் தெருவுக்கு எப்போது திறக்கிறார் என்பது வேறு இருக்கிறது. இத்தனையும் போக மிஞ்சுவதுதான் உங்கள் வீட்டுத் தொட்டியில் விழுகிறது. தொரெகாடனஹள்ளியில் ஏற்றிய தண்ணீரின் அளவைக் காட்டி, "பாருங்கள், உங்கள் வீட்டில் இவ்வளவு தண்ணீர் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் சிரிப்போம். "100 கிராம் கீரையில் இவ்வளவு இரும்பு" என்ற செய்தியும் அப்படி ஏற்றுமிடத்துக் கணக்குதான். அதைப் பார்த்து மட்டும் யாரும் சிரிப்பதில்லை.

நாம் விழுங்கிய பொருளில் எவ்வளவு பங்கு செயல்படும் நிலையில் இரத்தத்தை அடைகிறது என்பதற்கு மருந்தியலில் பயோஅவைலபிலிட்டி என்று பெயர். இந்தக் கட்டுரையில் அதைச் 'சேரும் அளவு' என்று எழுதுகிறேன்.

## உணவு போகும் வழி

முதலில், சத்து உணவிலிருந்து கழன்று வர வேண்டும். மெல்லுவதும் வேகவைப்பதும் அரைப்பதும் இரைப்பை அமிலமும் இதைச் செய்கின்றன. கழன்று வந்தது கரைய வேண்டும். சில பொருள்கள் தண்ணீரில் கரையும். சிலவற்றுக்கு எண்ணெயோ நெய்யோ வேண்டும். கரையாதது எவ்வளவு உயர்ந்த சத்தாக இருந்தாலும் வந்த வழியே வெளியே போய்விடும்.

அடுத்தது சிறுகுடலின் சுவர். அங்குள்ள செல்கள் தமக்குப் பழக்கமான சர்க்கரை, அமினோ அமிலம் போன்றவற்றைக் கூப்பிட்டு உள்ளே சேர்த்துக்கொள்ளும். தாவரங்களின் கசப்பு, நிறம், மணம் தரும் வேதிப்பொருள்களை அவ்வளவு நம்புவதில்லை. உள்ளே நுழைந்தவற்றில் ஒரு பகுதியை மறுபடி குடலுக்குள்ளேயே இறைத்துத் தள்ளும் ஏற்பாடு இந்தச் செல்களில் இருக்கிறது. நொதிகளும் இருக்கின்றன. நொதி என்பது உடம்பில் ஒரு வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் புரதம். இங்குள்ள நொதிகள் அந்நியப் பொருள்களை அங்கேயே மாற்றத் தொடங்கிவிடும்.

குடலைக் கடந்தவை நேராக உடம்பு முழுவதும் போவதில்லை. கொழுப்போடு போகும் சிலவற்றைத் தவிர மற்றவை ஒரு தனி இரத்தக்குழாய் வழியாக முதலில் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரல் அவற்றோடு தண்ணீரில் கரையும் ஒரு துண்டை ஒட்டி, சிறுநீரிலோ பித்தத்திலோ வெளியேறும்படி செய்துவிடுகிறது. குடலிலும் கல்லீரலிலும் நடக்கும் இந்தக் கழிவுக்கு 'முதல் கடப்பு' என்று பெயர். தப்பி வருவதுதான் இரத்தத்தில் சுற்றும்.

கல்லீரலுக்கு நாட்டு மருந்து, இங்கிலீஷ் மருந்து என்ற பேதம் தெரியாது. இரண்டையும் அதே நொதிகளால்தான் கழிக்கிறது. பின்னால் வரும் சிக்கல்களுக்கு இதுதான் வேர்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: கழல வேண்டும், கரைய வேண்டும், குடல் சுவரைக் கடக்க வேண்டும், கல்லீரலில் தப்ப வேண்டும். நான்கில் எது தடைபட்டாலும் சேரும் அளவு குறையும்.

## மஞ்சளும் மிளகும்

இந்த விஷயத்தில் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு ஒன்று நம் பெங்களூருவிலேயே, கோரமங்களா பக்கம் இருக்கும் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்தது. 1998-ல் வெளியானது. ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் அது கண்டுபிடிக்க முடியாத அளவில், அல்லது மிக மிகக் குறைவாக இருந்தது. குர்குமின் தண்ணீரில் கரையாது. கொஞ்சம் கடந்தாலும் முதல் கடப்பில் கழிந்துவிடும். பிறகு அதே 2 கிராமோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துக் கொடுத்தார்கள். பைப்பரின் என்பது மிளகுக்கும் திப்பிலிக்கும் காரம் தரும் பொருள். சேரும் அளவு சுமார் 20 மடங்கு உயர்ந்தது. குடலிலும் கல்லீரலிலும் குர்குமினைக் கழிக்கும் நொதிகளைப் பைப்பரின் சிறிது நேரம் மந்தப்படுத்துவதுதான் காரணம்.

இந்த 20 மடங்கைப் பிடித்துக்கொண்டு விற்பனை செய்கிறவர்கள் ஏராளம். அவர்கள் சொல்லாத கணக்கை நாம் போட்டுப் பார்க்கலாம். மஞ்சள் தூளில் குர்குமின் எடையில் சுமார் 3 சதவீதம். ஒரு தேக்கரண்டித் தூள் ஏறக்குறைய 3 கிராம் என்றால் அதில் 90 மில்லிகிராம் குர்குமின் இருக்கும். ஆய்வில் கொடுத்த 2 கிராமை எட்ட 65 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் வேண்டும். 20 தேக்கரண்டிக்கும் மேல்! எந்த ரசமும் அதைத் தாங்காது. மிளகின் கணக்கு நேர்மாறானது. மிளகில் பைப்பரின் சுமார் 5 சதவீதம் அளவுக்கு இருப்பதால் 20 மில்லிகிராமுக்கு அரைக் கிராம் மிளகுகூடத் தேவைப்படாது. ஆக, சமையலில் நாம் போடும் மிளகு ஆய்வின் அளவுக்கு நெருங்கி வருகிறது. மஞ்சள் கிட்டேகூட வரவில்லை. மிகச் சிறிய அளவை 20-ஆல் பெருக்கினாலும் சிறிய அளவுதான் கிடைக்கும்.

அதனால் மஞ்சள் பால் வீண் என்று நான் சொல்லவில்லை. தொண்டை கரகரக்கும் இரவில் மிளகு தட்டிப் போட்ட சூடான பால் இதமாகத்தான் இருக்கிறது. அந்த இதத்தில் பாலின் சூட்டுக்கும் மிளகின் காரத்துக்கும் பெரிய பங்கு உண்டு. மூட்டுவலிக்கோ புற்றுநோய்க்கோ அதே தம்ளரைக் காட்டுவதுதான் தவறு.

திப்பிலிக்கும் இப்படி ஒரு வரலாறு இருக்கிறது. இருமலுக்கு ஆடாதொடைக் கஷாயத்தில் திப்பிலி சேர்ப்பது பழைய வழக்கம். ஆடாதொடையின் இலையில் வாசிசின் என்ற பொருள் இருக்கிறது. இன்றைய சளி மருந்துகளில் வரும் புரோம்ஹெக்சின் அதை ஒட்டி உருவாக்கப்பட்டதுதான். ஜம்முவில் உள்ள அரசு ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் 1981-ல் வெளியிட்ட ஆய்வில், திப்பிலியோடு கொடுத்தபோது ஆய்வக விலங்குகளின் இரத்தத்தில் வாசிசின் கூடுதலாகச் சேர்ந்தது. அந்த வழியில் தொடர்ந்த வேலை 2009-ல் ஒரு காசநோய்க் கூட்டு மாத்திரையில் முடிந்தது. வழக்கமாக 450 மில்லிகிராம் கொடுக்கும் ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தை 200 மில்லிகிராமாகக் குறைத்து, கூடவே 10 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தார்கள். பாட்டி வைத்திய வழக்கம் ஒன்று சோதனைச்சாலை வழியாக மாத்திரைப் பட்டைக்குள் போய்ச் சேர்ந்த அபூர்வமான கதை இது. காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டில் மிளகை அள்ளிப் போட்டுக்கொள்ளலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. எவ்வளவு, எந்த மருந்தோடு என்பதை அளந்து பார்த்துச் செய்தது அது.

## எதில் குழைப்பது

அல்சூர் சந்தைப் பக்கம் உள்ள நாட்டு மருந்துக் கடைகளில் சற்று நேரம் நின்று பாருங்கள். கன்னடத்தில் கிரந்திகே அங்கடி என்பார்கள். மரப்பெட்டிகளில் கடுக்காயும் சித்தரத்தையும் வசம்பும். தராசுத் தட்டில் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சம எடையில் விழும். திரிகடுகு. பொட்டலத்தை மடித்துக் கொடுத்தபடியே கடைக்காரர், "தேனில் குழைத்துக் கொடுங்கள் அம்மா, தண்ணீரில் வேண்டாம்" என்பார். சித்த மருத்துவத்தில் இப்படி மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் தேன், நெய், பால், வெந்நீர் போன்றவற்றுக்கு அனுபானம் என்று பெயர். ஒரே சூரணத்துக்கு நோயைப் பொறுத்து அனுபானம் மாறும்.

சித்தர்களுக்குக் குடல் செல்லும் கல்லீரல் நொதியும் தெரிந்திருந்தன என்று பேசுவது எனக்கு ஒப்பவில்லை. அவர்கள் கணக்கு வாதம், பித்தம், கபம் என்ற வேறு மொழியில் போட்டது. ஆனால் மருந்தைப் போலவே அது எதோடு போகிறது என்பதும் முக்கியம் என்று அவர்கள் கவனித்திருக்கிறார்கள். கொழுப்பில் கரையும் பொருளை நெய்யில் குழைத்தால் கரைவதற்கு வழி கிடைக்கிறது என்பதை இன்றைய வேதியியலும் ஒப்புக்கொள்ளும். எல்லா அனுபானத்துக்கும் அப்படி விளக்கம் கிடைத்துவிடாது. கசப்பை மறைப்பதற்காகவே தேன் சேர்த்த மருந்துகளும் இருக்கத்தான் செய்யும். பிள்ளை வாயைத் திறக்க வேண்டுமே!

## கீரை, ராகி, பை டூ காப்பி

மூலிகையை விட்டுச் சாப்பாட்டுக்கு வந்தால் இந்தக் கணக்கு இன்னும் தெளிவாகப் பொருந்துகிறது. உண்மையில் பெரும்பாலோருக்கு உதவப் போவது இந்தப் பகுதிதான்.

கீரையிலும் தானியத்திலும் பருப்பிலும் இருக்கும் இரும்பு எளிதில் சேராது. தானியமே பிரதானமான சாப்பாட்டில் பெரும்பாலும் 10 சதவீதத்துக்கும் கீழேதான் சேரும். தடுப்பவற்றில் முதன்மையானது பைட்டேட். விதைகள் முளைப்பதற்காகச் சேமித்து வைத்திருக்கும் பாஸ்பரஸ் சேர்மம் அது. இரும்பையும் துத்தநாகத்தையும் பற்றிக்கொண்டு கரையவிடாமல் செய்யும். ஊறவைப்பது, முளைகட்டுவது, புளிக்கவைப்பது மூன்றும் பைட்டேட்டைக் குறைக்கும். இட்லி மாவு இரவு முழுவதும் பொங்குவது பஞ்சு போன்ற இட்லிக்காக என்று நினைக்கிறோம். அரிசி, உளுந்தின் இரும்பை விடுவிக்கும் வேலையும் அதில் நடக்கிறது. ராகியும் இதே ரகம். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது என்பது சரியான தகவல். பைட்டேட்டும் அதில் தாராளமாக இருக்கிறது. குழந்தைகளுக்கு ராகியை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டு, உலர்த்தி அரைத்த மாவில் கஞ்சி காய்ச்சுவது நம் வீடுகளிலும் கன்னட வீடுகளிலும் ஒன்றாக இருக்கும் வழக்கம். அந்த இரண்டு நாள் வேலைக்கு அர்த்தம் இருக்கிறது.

இரும்புக்கு உதவுவது வைட்டமின் சி. இரும்பைக் கரையும் வடிவத்துக்கு மாற்றி, பைட்டேட் பற்றுமுன் குடல் சுவருக்குக் கொண்டுபோக உதவும். சூட்டில் அது அழியும் என்பதால் எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழிய வேண்டும். அரை எலுமிச்சையின் சாற்றில் இருப்பது கொஞ்சம்தான். சாப்பாட்டோடு ஒரு கொய்யாப்பழம் அதைவிடப் பல மடங்கு தரும், விலையும் குறைவு. வெங்காயம், பூண்டும் உதவுவதாக மைசூருவின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிலையத்தார் 2010-ல் வெளியிட்டார்கள். அது ஆய்வுக்கூடக் குழாயில் செரிமானத்தைப் போலச் செய்து பார்த்த ஆய்வு. மனிதர்களில் அளந்தது அல்ல.

இனி வருவது நம்மவர்களுக்குப் பிடிக்காத செய்தி. தேநீரிலும் காப்பியிலும் உள்ள பாலிஃபீனால் எனும் துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பற்றிக்கொள்ளும். 1983-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், சாப்பாட்டோடு குடித்தபோது தேநீர் இரும்பின் சேரும் அளவை 64 சதவீதமும் காப்பி 39 சதவீதமும் குறைத்தன. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காப்பி எதையும் குறைக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தது, கூடவே குடித்ததற்குச் சமமாகக் குறைத்தது! தர்ஷினி உணவகத்தில் நின்றபடி இட்லி, வடையை முடித்துவிட்டு, ஒரு காப்பியை இருவர் பங்கிட 'பை டூ காப்பி' சொல்லும் நகரத்துக்கு இது கொஞ்சம் கசக்கும். இரும்புச்சத்துக் குறையாதவர்கள் இதற்காகக் காப்பியைக் கைவிட வேண்டியதில்லை. உடம்பில் இரும்பு இருப்பு குறைந்தால் குடல் சுவரே வழக்கத்தைவிடக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும்; இருப்பு நிறைந்தால் குறைத்துக்கொள்ளும். ஆனால் இரத்தசோகை இருக்கும் பெண்கள், கர்ப்பிணிகள், வளரும் பெண் பிள்ளைகள் காப்பியைச் சாப்பாட்டுக்கு முந்தைய வேளைக்கு நகர்த்துவது எந்த முருங்கைப் பொடியையும்விடப் பலன் தரலாம்.

முருங்கைப் பொடி என்றதும் அந்த 'பல மடங்கு' கணக்கையும் பார்த்துவிடலாம். பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். உலர்த்தினால் தண்ணீர் போய், 100 கிராமுக்கான கால்சியக் கணக்கு தானாக எகிறும். அந்தப் பொடியைத் திரவமான பாலோடு ஒப்பிட்டு மடங்கு சொல்கிறார்கள். பால் ஒரு தம்ளர் குடிப்போம். பொடியை 100 கிராம் யார் சாப்பிடுவார்கள்? ஒரு தேக்கரண்டி. ஆரஞ்சைவிட வைட்டமின் சி அதிகம் என்பது பச்சை இலையின் கதை; உலர்த்தும்போது அதில் பெரும்பகுதி போய்விடும். முருங்கைக்கீரை நல்ல கீரை. அதைப் பொரியலாக, தேங்காயும் எண்ணெயும் சேர்த்துச் சாப்பிட்டால் அதிலுள்ள, உடம்பில் வைட்டமின் ஏ-ஆக மாறும் பீட்டா கரோட்டின் கரைந்து சேரவும் வழி கிடைக்கும். எண்ணெயே இல்லாமல் அவித்த கீரை ஆரோக்கியம் என்று நினைப்பவர்கள் அந்தச் சத்தை இழக்கிறார்கள்.

கால்சியத்துக்கு ஆக்சலேட் என்ற வேறொரு தடை உண்டு. சில கீரைகளில் மிகுந்திருக்கும் அமிலத்தின் உப்பு அது. கால்சியத்தோடு சேர்ந்து கரையாத படிகமாகிவிடும். 1988-ல் வெளியான ஆய்வு ஒன்றில் பாலின் கால்சியம் சுமார் 28 சதவீதம் சேர்ந்தது. பாலக் கீரையின் கால்சியம் 5 சதவீதம்தான் சேர்ந்தது. கால்சியத்துக்காகப் பாலக் சாப்பிடுகிறேன் என்பவர் வேறு கீரைக்கு மாறலாம்.

இங்கே கன்னட வீடுகளின் பஸ்ஸாரு என்ற குழம்பைச் சொல்ல வேண்டும். கீரையையும் பருப்பையும் சேர்த்து வேகவைத்து, அந்தத் தண்ணீரைத் தனியே வடிப்பார்கள். வடித்த தண்ணீரில் அரைத்த மசாலாவைக் கரைத்துக் கொதிக்கவிட்டால் சாறு. வடிந்த கீரையையும் பருப்பையும் தாளித்தால் பல்யா, அதாவது பொரியல். சூடான ராகி முத்தேயை, அதாவது களி உருண்டையை, கிள்ளி அந்தச் சாற்றில் முக்கி விழுங்க வேண்டும், மெல்லக் கூடாது என்பது அங்கே சட்டம். தண்ணீரில் கரைந்த வைட்டமின்கள் எதுவும் சாக்கடைக்குப் போகாத சமையல் முறை இது. அதே காரணத்தால் கரைந்த ஆக்சலேட்டும் சாற்றிலேயே தங்கும். சிறுநீரகக் கல் வந்து அவதிப்பட்டவர்கள், அதுவும் பாலக், தண்டுக்கீரை வகைகளை வேகவைக்கும்போது, தண்ணீரைக் கொட்டிவிடுவது நல்லது.

கீரையையும் தயிரையும் சேர்க்கக் கூடாது என்று நம் வீடுகளில் ஒரு விதி இருக்கிறதல்லவா? கல் பிரச்சினை உள்ளவருக்கு மருத்துவர்கள் சொல்வது அதற்கு நேரெதிர். தயிரின் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொண்டால் சிறுநீரகம்வரை அது போகாது. பழைய வழக்கம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் மறைந்த அறிவியல் இருக்கும் என்று கிளம்பினால் இப்படி முட்டிக்கொள்வோம்.

சுருக்கமாக: ஊறவைத்தால், முளைகட்டினால், புளித்தால் தானியத்தின் தாதுக்கள் கூடுதலாகச் சேரும். புளிப்பான பழம் இரும்புக்கு உதவும், கொஞ்சம் எண்ணெய் கரோட்டினுக்கு உதவும், காப்பியும் தேநீரும் இரும்பைத் தடுக்கும்.

## சேராமலே வேலை செய்பவை

எல்லாமே இரத்தத்துக்குப் போய்த்தான் பலன் தர வேண்டும் என்பதில்லை. வெந்தயத்தில் உள்ள கரையும் நார்ச்சத்து குடலுக்குள் கூழாகி, சர்க்கரை சேரும் வேகத்தைக் குறைக்கிறது. அது குடலைக் கடப்பதே இல்லை. ஊறிய வெந்தயத்தைக் கையில் எடுத்தால் வழுவழுவென்று இருக்கும். வேலை செய்வது அந்த வழுவழுப்புதான். ஆகவே வெந்தயம் ஊறிய தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு விதையை எறிபவர்கள் பெரும்பகுதியை எறிகிறார்கள். சர்க்கரை மாத்திரையோடு வெந்தயத்தை அதிகமாகத் தொடங்குகிறவர்கள் சர்க்கரை தாழ்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மலச்சிக்கலுக்கான நிலாவாரை இன்னும் சுவாரசியமானது. அதன் செயல்பொருள் சிறுகுடலில் சேராமல் பெருங்குடல்வரை போகும். அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை உடைத்த பிறகுதான் வேலை தொடங்கும். இரவு சாப்பிட்டால் காலையில் பலன் தெரிவது அதனால்தான். "ஒரு மணி நேரமாகியும் ஒன்றும் நடக்கவில்லை" என்று இன்னொரு கரண்டி சாப்பிடுகிறவர்கள் மறுநாள் ஆபீஸுக்கு லீவு போட நேரும்.

## அதே வால்வு மாத்திரைக்கும் உண்டு

மிளகு குர்குமினுக்கு என்ன செய்ததோ அதையே மாத்திரைகளுக்கும் செய்யக்கூடும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், இரத்த அழுத்தத்துக்கான புரோப்ரானலால், மூச்சிரைப்புக்கான தியோஃபிலின் ஆகியவற்றின் இரத்த அளவைப் பைப்பரின் உயர்த்துவது மனிதர்களிலேயே காட்டப்பட்டிருக்கிறது. டாக்டர் அளந்து எழுதிய அளவு, முதல் கடப்பில் வழக்கமான பங்கு கழிந்துபோகும் என்ற கணக்கில் எழுதியது. கழிவு குறைந்தால் அதே மாத்திரை கூடுதல் டோஸாகிவிடும். ரசத்தில் போடும் மிளகால் ஆபத்து என்று பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை. தினமும் திரிகடுகு சூரணமோ பைப்பரின் சேர்த்த கேப்சூலோ எடுப்பது வேறு சங்கதி.

பழங்களிலும் இப்படி ஒன்று உண்டு. கிரேப்ஃப்ரூட் பல மருந்துகளின் அளவை ஏற்றிவிடும் என்பது 1989-லிருந்தே தெரியும். அதன் நெருங்கிய உறவான பம்பளிமாஸுக்கும் அந்தக் குணம் இருக்கிறது. விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியின் சக்கோதா என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்றிருப்பது இதே பம்பளிமாஸ்தான். அருமையான பழம். சிறுநீரக மாற்று அறுவைக்குப் பிறகு சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகளில் இருப்பவர்கள் மட்டும் தொடக் கூடாது.

தடுக்கும் பக்கமும் உண்டு. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு, அடுத்த நிமிடமே ஃபில்டர் காப்பியைக் கையில் எடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் சாதாரணம். காப்பி அந்த மாத்திரையின் சேரும் அளவைக் குறைக்கும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டுப் பரிசோதனையில் பார்க்கும் டி.எஸ்.எச். அளவு ஏன் இறங்கவே இல்லை என்று மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் முதலில் காப்பி நேரத்தைப் பார்க்கலாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்குக் கீரையின் வைட்டமின் கே எதிராக வேலை செய்யும். கீரையை நிறுத்த வேண்டாம். வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவாக வைத்துக்கொண்டால் மருந்தை அதற்கேற்ப அமைப்பார்கள். ஒரு மாதம் கீரையே இல்லாமல் இருந்துவிட்டு, திடீரென்று தினம் இரண்டு வேளை என்று தொடங்குவதுதான் கணக்கைக் குலைக்கும்.

சேரும் அளவைக் கூட்டுவது எப்போதும் நல்லதா என்ற கேள்வியும் இருக்கிறது. சமையல் மஞ்சள் கல்லீரலைக் கெடுத்ததாகச் சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் மிளகுச் சாறு சேர்த்தும் வேறு வழிகளிலும் குர்குமின் அதிகம் சேரும்படி செய்த கேப்சூல்களைச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை 2019-ல் இத்தாலியிலும், பிறகு அமெரிக்காவிலும் பதிவு செய்தார்கள். கல்லீரல் அதுவரை மஞ்சளை அவ்வளவு கறாராகக் கழித்துவந்தது வீண் வேலை இல்லை போலும். சீந்தில் கொடி பற்றியும் இப்படி ஒரு விவாதம் நடக்கிறது. கன்னடத்தில் அமிர்தபள்ளி, கொரோனா காலத்தில் பெங்களூருவின் பல பால்கனிகளில் படர்ந்த கொடி. அதைத் தொடர்ந்து சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்து, ஒத்த தோற்றமுள்ள வேறு இனக் கொடியாக இருக்கலாம் என்றது. எது சரியாக இருந்தாலும், கல்லீரல் நோய் ஏற்கெனவே உள்ளவர்கள் மாதக்கணக்கில் சீந்தில் குடிப்பதை விட்டுவிடலாம் என்பதே என் முடிவு.

டாக்டரிடம் கஷாயத்தைப் பற்றிச் சொன்னால் திட்டுவார் என்று பலர் மறைக்கிறார்கள். சிலர் திட்டுவதும் உண்மை. ஆனால் வலிப்பு, இதயம், தைராய்டு, சர்க்கரை, இரத்தம் உறைதல், உறுப்பு மாற்று ஆகியவற்றுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் இதை மறைக்கக் கூடாது. அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தவர்களும்தான். கபசுரக் குடிநீர் என்று ஒரே பெயரில் வாங்கும் பொடியில் 15 சரக்குகள் இருக்கின்றன. திப்பிலி, ஆடாதொடை, சீந்தில் மூன்றும் அதில் அடக்கம். நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் வாங்கும்போது அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். பழகிய கடைக்காரர் மறுக்கமாட்டார். எவ்வளவு, எத்தனை நாளாக, எந்த நேரத்தில் சாப்பிடுகிறீர்கள் என்பதையும் அதிலேயே குறித்து, மாத்திரைச் சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். மிளகு, திப்பிலி, சீந்தில், நிலாவாரை என்ற பெயர்கள் இருந்தால் கீழே ஒரு கோடு போட்டுக் காட்டுங்கள்.